மாடமும் கோழிக்கூடும்

மாட்டுக்கு இந்த நாட்டில் வரலாறு உண்டு. புராணம் உண்டு, அரசியல் உண்டு, அதன் பெயரால் அடித்துக் கொல்லப்பட்ட மனிதர்களும் உண்டு. கோழிக்கு ஒன்றும் கிடையாது. கோழியைத் தவிர வேறு சொத்தே இல்லாமல் இருந்த குடிசைகளுக்கும் கிடையாது. அந்தக் குடிசைகளில் ஒன்றில் பிறந்தவள் என்கிற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அருமனை சுற்றுவட்டாரத்தில் எங்கள் குடியிருப்புகளில் இப்போது புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கியிருக்கும் பெண்கள் நிறையப் பேர். மழையில் ரப்பர் வெட்டு நின்றுபோனால் வீட்டில் அடுப்பு எரிய முட்டைக்காசு வேண்டும். சங்கக் கூட்டத்தில் வட்டிக்கணக்கு முடிந்ததும் அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, கூடு நாறுது, குஞ்சு ஒவ்வொண்ணா சாவுது, என்ன செய்யணும்?" அவர்கள் கையில் கொடுக்கப்படும் துண்டறிக்கையில் 'கூண்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்' என்று ஒற்றை வரி இருக்கும். யாரைப் பார்த்து யார் சொல்கிற வரி அது என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

சுத்தம் என்ற சொல்லை இந்த நாட்டில் முதலில் உரிமை கொண்டாடியது மனு. மனுவின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு விதி வருகிறது. பார்ப்பனர் உண்ணும்போது பார்க்கக்கூடாதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல். சண்டாளன், ஊர்ப்பன்றி, சேவல், நாய், மாதவிலக்கான பெண், அலி. சற்றுத் தள்ளி இன்னொரு விதி: சேவல் தன் சிறகுக் காற்றால் சடங்கைக் கெடுக்கும், கீழ்ச்சாதிக்காரன் தொட்டுக் கெடுப்பான். ஊர்க்கோழியைத் தின்னவே கூடாது என்று ஐந்தாம் அத்தியாயம் தடுக்கிறது. ஆக, கோழியும் நாமும் ஒரே வரியில் எழுதப்பட்டவர்கள். இதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. பன்றியையும் நாயையும் பெண்ணையும் சேர்த்தால் நல்ல கூட்டணிதான்.

மாடு அந்தப் பக்கம் போய்விட்டது. திருவிதாங்கூரில் சாணார்கள் ஓர் அடுக்குக்கு மேல் வீடு கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, இடுப்பில் குடம் வைக்கக்கூடாது, பசுவில் பால் கறக்கக்கூடாது என்றெல்லாம் தடை இருந்ததை மிஷனரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட புலையர், பறையர் கதி என்ன? விற்கவும் அடமானம் வைக்கவும்பட்ட அடிமைகள் நாங்கள். 1836-இல் திருவிதாங்கூரில் எடுத்த கணக்கில் மொத்த ஜனம் 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேருக்கு ஒருவர். 1853-இல் ஓர் அறிவிப்பு, 1855-இல் இன்னோர் அறிவிப்பு என்று இழுத்து இழுத்துத்தான் அடிமைமுறையைச் சட்டத்தில் முடித்தார்கள்.

சட்டத்தில் முடிந்தது, வாயில் முடியவில்லை. லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871-இல் 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி' என்று திருவிதாங்கூரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 'தர்ம பூமி' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட நாட்டின் பெயரையே தலைப்பாக வைத்தார். அதில் எங்கள் ஆட்கள் மேல்சாதிக்காரன் முன்னால் எப்படிப் பேச வேண்டியிருந்தது என்று எழுதுகிறார். 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்று சொல்ல வேண்டும். தன் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது, 'கரிக்காடி'. பிள்ளைகளைக் குரங்கு, கன்றுக்குட்டி என்று சொல்ல வேண்டும். குடியிருக்கும் வீட்டை 'மாடம்' என்று சொல்ல வேண்டும்.

மாடம்! எம்.ஏ. தமிழ் வகுப்பில் எனக்கு மாடம் என்றால் அடுக்குமாளிகை என்று சொல்லிக்கொடுத்தார்கள். மதுரைக்கே நான்மாடக்கூடல் என்று பேர். ஆனால் எங்கள் பக்கத்தில் மாடம் என்றால் வயலில் காவலுக்கு இருக்கிறவன் முடங்கிக்கொள்கிற ஓலைக்குடில். ஒரே சொல். மதுரைக்காரனுக்கு அரண்மனை, புலையனுக்குப் பொந்து. புறா அடைகிற பொந்துக்கும் மாடம் என்றுதான் பேர். பறவைக்குக் கட்டியதும் எங்களுக்குக் கட்டியதும் ஒரே அளவில் இருந்ததால் ஒரே சொல் போதும் என்று நினைத்திருப்பார்கள் போல. எந்தப் பாடவேளையிலும் இந்த மாடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அந்த மாடம் நின்ற மண்ணும் எங்களுடையதல்ல. யாரோ ஒருவருடைய விளையின் மூலையில் கிடப்பு. எதிர்த்துப் பேசினால் அன்றைக்கே இறங்க வேண்டியதுதான். வாழை வைத்திருந்தால் விட்டுவிட்டுப் போக வேண்டும். தெங்கு வைக்கவே விடமாட்டார்கள். கோழியை மட்டும் கடவத்தில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு போகலாம். இதனால்தான் எங்கள் பாட்டிமார் கோழி வளர்த்தார்கள். கோழி மண்ணில் வேர்விடாத சொத்து. 1956 நவம்பர் 1-இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதைக் கொண்டாட நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் 1970 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தத்தில் குடிகிடப்புக்காரனுக்குக் கிடைத்த உரிமை இந்தப் பக்கத்துக்கு வரவில்லை. இங்கே 1971-இல் குடியிருப்பு அனுபவதாரர் சட்டம் தனியாக வந்தது. பிறகு வந்தவை இரண்டு சென்ட், மூன்று சென்ட் பட்டாக்கள். கோழிக்கூடு வீட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்று துண்டறிக்கை சொல்கிறது. மூன்று சென்டில் எங்கே தள்ளுவது?

இப்போது என் பாட்டி கதைக்கு வருகிறேன். அவள் வேலை செய்த தறவாட்டு வீட்டின் பெயர் வேண்டாம். அங்கே எருத்தில், அதாவது மாட்டுத் தொழுவம் தூத்து வாருவதும், கோழிக்கூடு சுரண்டுவதும் அவள் வேலை. முற்றத்துக்கு வரலாம், அடுக்களைக்குள் நுழையக்கூடாது. அவள் கை பட்ட கூட்டிலிருந்து எடுத்த முட்டை மட்டும் அடுக்களைக்குள் போகும். தீட்டு ஓட்டோடு நின்றுவிடும் போலிருக்கிறது. கூலி தனியாக இல்லை. விரிசல் விட்ட முட்டை இருந்தால் கொடுப்பார்கள். சுரண்டிய காட்டம் அவர்கள் வாழைக்குப் போகும்.

அந்தக் கூடு அயினிப் பலகையில் செய்தது, நான்கு கால் வைத்து இடுப்பு உயரத்தில் நிற்கும். மரப்பட்டியும் கீரியும் பாம்பும் வராமல் இருக்கத்தான் அந்த உயரம். அடிப்பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். காட்டத்தில் பாதி அது வழியாகக் கீழே விழுந்துவிடும். மீதியைப் பாட்டி தினமும் விடியற்காலையில் கோழிகளைத் திறந்துவிட்டதும் உடைந்த சிரட்டையால் சுரண்டுவாள். தண்ணீர் ஊற்றிக் கழுவ மாட்டாள். "வெள்ளம் ஊத்தாத மோளே, கேட்டியா? வெள்ளம் பட்டாத்தான் நாத்தம் எடுக்கும். காஞ்சு கெடந்தா பீயும் மண்ணுதான்" என்பாள். சுரண்டிய இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவாள். மாதம் ஒருமுறை கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்துப் பலகை இடுக்குகளில் துணியால் அழுத்தி அழுத்திப் பூசுவாள். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் பூசுவாள். அன்றைக்கு முழுக்கக் கூட்டுக் கதவு திறந்தே கிடக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி, கோழிகள் புரள. எடவப்பாதி மழை தொடங்கும் முன்னால் ஓலை மாற்றுவாள், துலாமாத மழைக்கு முன்னால் இன்னொரு தடவை. இரண்டு மழையும் பெய்கிற ஊர் இது, கிழக்கத்தி ஊர்க்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது.

பள்ளிக்கூடம் போகாத அவள் செய்தது ஒவ்வொன்றுக்கும் பின்னாளில் கால்நடைப் புத்தகங்களில் நான் காரணம் படித்தேன். நாற்றம் என்பது எச்சம் ஈரப்பட்டு நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது வரும் அம்மோனியா வாயு. அது கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். ரத்தக்கழிச்சல் நோய்க்குக் காரணமான கிருமி எச்சத்தோடு வெளியே விழுந்த உடனே தொற்றாது. ஈரமும் சூடும் இருந்தால் ஒன்று இரண்டு நாளில்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். அதற்குள் சுரண்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பலாம். தினமும் சுரண்ட வேண்டும் என்று பாட்டி அடம்பிடித்தது இதற்குத்தான். கோழியின் ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு பகலில் கோழிமேல் இருக்காது, பலகை இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி வரும். சுண்ணாம்பு அந்த இடுக்கை அடைத்துவிடுகிறது. இந்த அறிவுக்கெல்லாம் அவளுக்குக் கிடைத்த பெயர் 'கோழிக்கூடு சுரண்டுறவ'.

அருமனையிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் மார்த்தாண்டம். அங்கே 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராமப் புனரமைப்பு மையம் நடத்தியவர் அமெரிக்கரான டாக்டர் ஸ்பென்சர் ஹேட்ச். (அவர் மொழியில் அந்தப் பெயருக்கே குஞ்சு பொரித்தல் என்று ஒரு பொருள் உண்டு.) மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த தேனீ வளர்ப்பு அங்கேதான் பரவியது. அதோடு வெள்ளை லெகார்ன் கோழிகளையும் கொண்டுவந்து, முட்டையைத் தரம் பார்த்துக் கூட்டுறவாக விற்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ஏழையின் கைக்கு எட்டுகிற செலவில் செய்ய முடிந்ததை மட்டுமே செய்து காட்ட வேண்டும் என்பது ஹேட்ச்சின் கொள்கை. அது நல்ல கொள்கை. இன்றைய திட்டக்காரர்களுக்கு அது இல்லை. வறுமையிலிருந்து மேலே வருவது பற்றி 1932-இல் அவர் எழுதிய புத்தகத்தை உலகம் படித்தது.

ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி. புத்தகம் வருவதற்கு ஆறு வருஷத்துக்கு முன்னால், 1926-இல்தான், இதே நாட்டின் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கப் போராட்டம் நடந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12. அதுவரைக்கும் அமெரிக்காவிலிருந்து வந்த சேவல் மதில்மேல் ஏறிக் கூவலாம், அதற்குத் தீனி போட்டவன் மதிலோரம் நடக்க முடியாது. நல்ல கோழி, நல்ல கூடு, நல்ல சந்தை இருந்தால் வறுமை போய்விடும் என்ற கணக்கில் சாதி எந்தப் பத்தியில் வருகிறது? மண் யாருடையது என்பது எந்தப் பத்தியில் வருகிறது?

லெகார்னைப் பற்றி இன்னொரு தகவலையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் தோலும் காலும் மஞ்சள். அந்த மஞ்சள் நிறத்துக்கான மரபுக்கூறு சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்ததல்ல, நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே காட்டில் கூவுகிற அதே இனம். சீமைக்கோழி என்று சொல்லி வாங்கியதில் நம் மலையின் ரத்தமும் கொஞ்சம் ஓடியிருக்கிறது.

புதிதாகக் கோழி வாங்கியிருக்கும் தங்கச்சிமாருக்குச் சொல்வது இது. ராத்திரி அடைய மட்டும் என்றால் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி போதும். பகலிலும் அடைத்துப் போடுவதானால் இரண்டு வேண்டும். பத்துக் கோழிக்கு உள்ள கூட்டில் இருபதை அடைத்துவிட்டு நாறுதே என்று சொல்லக்கூடாது. சிமெண்டுத் தரையானால் உமியோ மரத்தூளோ மூன்று விரல் கனத்துக்குப் போட்டு, இரண்டு நாளைக்கொரு தடவை கிளறிவிட வேண்டும். கையில் பிடித்துப் பார்த்தால் உருண்டையாகக் கூடினால் ஈரம் அதிகம், மாற்றிவிடு. தண்ணீர்ப் பாத்திரம் கவிழாத மாதிரி செங்கல் மேல் வை. கூட்டில் ஈரம் வருவது பாதி அதனால்தான். காய்ந்த காட்டத்தைத் தூக்கும்போது மூக்கில் துணி கட்டு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. பச்சைக் காட்டத்தைச் செடிக்குப் போடாதே, கருகிவிடும். குழியில் இலைதழையோடு இரண்டு மூன்று மாதம் கிடக்கட்டும். வெள்ளைக்கழிச்சல் சுத்தத்தால் மட்டும் நிற்காது. 1927-இல் இமயமலைப் பக்கத்து ராணிக்கேத்தில் கண்டதால் ராணிக்கெட் என்று பேர் வாங்கிய நோய் அது; வந்தால் கூடே காலியாகும். குஞ்சு பொரித்து ஒரு வாரத்துக்குள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்கு. கோழிதானே என்று அவர்கள் அலட்சியமாகப் பேசினால் நாலு பேராகச் சேர்ந்து போ.

நாற்றம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மேட்டுத்தெருவில் முந்நூறு கோழி வளர்த்தால் அது பண்ணை. நம் வீட்டில் ஐந்து கோழி நின்றால் 'காலனி நாத்தம்' என்று பஞ்சாயத்தில் மனு கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் பால் கறக்கத் தடை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மூக்குக்காகக் கூட்டைச் சுரண்ட வேண்டாம், குஞ்சு பிழைக்கச் சுரண்டினால் போதும்.

சுரண்டுவது யார் என்று நம் வீடுகளுக்குள்ளும் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் குடியிருப்பில் ஒரே ஒரு வீட்டில் மகன் காலையில் கூடு சுரண்டிவிட்டுக் கல்லூரிக்குப் போகிறான். மற்ற வீடுகளில் இதைச் சொன்னால் ஆண்கள் சிரிக்கிறார்கள். காட்டம் சாக்குக்கு எவ்வளவு போகுது என்று கேட்க மட்டும் வந்து நிற்கிறார்கள்.