ஒரு டவுன்லோடுக்கு 10 சென்ட்: ஸ்டாக் போட்டோ விற்றால் கையில் என்ன நிற்கும்?

காதலியின் கையைப் பிடித்துக்கொண்டே, எதிரே கடந்துபோகும் இன்னொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பையனை உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மாதத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடுவார். அது ஒரு ஸ்டாக் போட்டோ. அன்டோனியோ கில்லெம் என்ற போட்டோகிராபர் 2015-ல் ஸ்பெயினின் ஜிரோனா நகரில் எடுத்தது. 2017-ல் அது மீம் ஆகி உலகம் முழுக்கச் சுற்றியபோது, விற்பனை எப்படி என்று அவரிடம் கேட்டார்கள். தன்னுடைய நன்றாகப் போகும் படங்கள் ஆண்டுக்கு 5,000 முதல் 6,000 முறை விற்கும், இந்தப் படம் 700 முறைகூட விற்கவில்லை என்றார்.

கேமராவோ நல்ல போனோ கையில் இருக்கிற பலருக்கும், 'ஹார்ட் டிஸ்கில் சும்மா கிடக்கிற படங்களை ஏத்திவிட்டா மாசாமாசம் காசு வருமே' என்று ஒரு ஆசை இருக்கும். வரும். எவ்வளவு வரும், அதற்கு எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை ஏத்துவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

இந்தச் சந்தை எப்படி இயங்குகிறது?

ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், ஐஸ்டாக், அலமி போன்ற தளங்களில் கணக்குத் தொடங்கி படங்களை ஏற்றுகிறீர்கள். அவர்கள் சரிபார்த்து கடைக்குள் வைக்கிறார்கள். விளம்பர நிறுவனம், செய்தித்தளம், பாடப்புத்தகப் பதிப்பாளர் என்று யாராவது டவுன்லோடு செய்தால் உங்களுக்கு ஒரு பங்கு. படம் உங்களுடையதாகவே இருக்கும். விற்பது பயன்படுத்தும் உரிமத்தை மட்டும்தான்.

அந்த உரிமத்தின் பெயர் 'ராயல்டி ஃப்ரீ'. பெயரைப் பார்த்து இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்குபவர் ஒருமுறை பணம் கட்டினால் போதும், ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் தனியாகக் கட்ட வேண்டாம் என்று அர்த்தம். அதாவது, இன்று 10 சென்ட்டுக்குப் போன படம் ஒரு நிறுவனத்தின் பிரஷரிலும் வெப்சைட்டிலும் வருடக்கணக்கில் இருக்கலாம். உங்களுக்கு வந்தது வந்ததுதான்.

விலை இவ்வளவு இறங்கியது தற்செயல் இல்லை. 2000-ல் கனடாவில் தொடங்கிய ஐஸ்டாக்போட்டோ, சில டாலருக்குப் படம் கிடைக்கும் என்ற பழக்கத்தைக் கொண்டுவந்தது. 2003-ல் ஜான் ஓரிங்கர் தானே எடுத்த சுமார் 30,000 படங்களோடு ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கி, மாதச் சந்தா முறையைப் பரப்பினார். ஐஸ்டாக்கை 2006-ல் கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபோட்டோலியாவை 80 கோடி டாலருக்கு வாங்கிய அடோபி, 2015-ல் அதை வைத்து அடோபி ஸ்டாக்கைத் திறந்தது. கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாகப்போவதாக ஜனவரி 2025-ல் அறிவித்தன. இன்னொரு பக்கம் அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸாபே போன்ற தளங்கள் முழுக்க இலவசமாகவே படம் தருகின்றன. கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன, சரக்கு குவிந்துகொண்டே போகிறது. விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, கணக்குப் போடுவோம்

ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் சம்பள முறையை மாற்றியது. அதன்படி ஆறு படிகள். ஆண்டின் முதல் 100 டவுன்லோடு வரை 15% பங்கு, 101-லிருந்து 250 வரை 20%, இப்படியே ஏறி 25,000-ஐத் தாண்டினால் 40%. சந்தாதாரர் எடுக்கும் படத்துக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட். இதில் வயிற்றெரிச்சலான விஷயம், ஜனவரி 1 வந்தால் எல்லோரும் மறுபடி முதல் படியில் நிற்க வேண்டும். போன வருடம் எவ்வளவு விற்றீர்கள் என்பது செல்லாது. அப்போது உலகம் முழுக்கப் பல போட்டோகிராபர்கள் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து நிறுத்தி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முறை மாறவில்லை.

அடோபி ஸ்டாக்கில் போட்டோவுக்கு 33%, வீடியோவுக்கு 35%. சந்தா டவுன்லோடுக்குக் குறைந்தது 33 சென்ட். ஐஸ்டாக்கில், அவர்களுக்கு மட்டுமே தருகிறேன் என்று ஒப்பந்தம் போடாதவர்களுக்குப் போட்டோவுக்கு 15%.

இப்போது ஒரு உதாரணம். எண்கள் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை, யாருடைய சராசரியும் இல்லை. நீங்கள் 500 படம் ஏற்றுகிறீர்கள். தேர்வு செய்ய, எடிட் செய்ய, தலைப்பும் கீவேர்டும் எழுத என்று படத்துக்கு 20 நிமிடம். மொத்தம் சுமார் 167 மணி நேரம், அதாவது நான்கு வார ஆபீஸ் வேலை. ஒவ்வொரு படமும் ஆண்டுக்குச் சராசரியாக 2 முறை போகிறது என்றும், டவுன்லோடுக்கு 30 சென்ட் என்றும் வைப்போம். 300 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்றால் 25,500 ரூபாய். மணிக்கு ஏறத்தாழ 153 ரூபாய். அதுவே எல்லாம் 10 சென்ட்டில் போனால் 8,500 ரூபாய், மணிக்கு 51. படம் எடுக்கப் போன நேரம், லென்ஸ் விலை, பெட்ரோல் எதுவும் இதில் சேரவில்லை.

ஒன்று ஆறுதல். முதல் வருட உழைப்பு அடுத்த வருடமும் கொஞ்சம் விற்கும். ஆனால் புதிதாக ஏற்றாமல் விட்டால் தேடலில் பழைய படங்கள் கீழே போய்விடுகின்றன. 'தூங்கும்போதும் சம்பாதிக்கலாம்' என்று யூடியூபில் சொல்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

பணம் எடுக்கவும் ஒரு வரம்பு உண்டு. அடோபியில் 25 டாலர் சேர வேண்டும். 33 சென்ட் கணக்கில் 76 டவுன்லோடு. நான்கைந்து தளங்களில் பரப்பி வைத்தால் ஒவ்வொன்றிலும் 8 டாலர், 11 டாலர் என்று தூங்கிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் இரண்டு தளங்கள் போதும் என்பது என் கருத்து.

முதலில், படம் உங்களுடையதுதானா?

கேட்கவே வேடிக்கையாக இருக்கும். ஆனால் இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-வது பிரிவு, படம் எடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. கூடவே விதிவிலக்குகளும் வைத்திருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதால் எடுத்த போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். வார இறுதியில் காசு வாங்கிக்கொண்டு நீங்கள் எடுத்த கல்யாணப் படங்கள் இதில் வரும். மணப்பெண்ணின் மருதாணிக் கையை மட்டும் வெட்டி எடுத்து, 'முகம் தெரியலையே' என்று ஏற்றினாலும் கேள்வி அப்படியே இருக்கிறது. கல்யாண ஆர்டர் எடுப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை நேரத்தில் வேலைக்காக எடுத்தது நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் ஐடியிலோ வங்கியிலோ இருந்து, சொந்த நேரத்தில் சொந்தக் கேமராவில் எடுப்பது வேறு. ஆனாலும் 'வேறு வருமானம் கூடாது' என்று வேலை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்தது, படத்தில் இருப்பவரின் சம்மதம். விளம்பரத்துக்குப் போகக்கூடிய படத்தில் அடையாளம் தெரிகிற ஒவ்வொருவரும் 'மாடல் ரிலீஸ்' என்ற சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குழந்தை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர். வீடு, கடையின் உள்ளே எடுத்தால் அதன் உரிமையாளரிடம் 'ப்ராபர்ட்டி ரிலீஸ்'. வாய்ச்சொல் செல்லாது.

படிவத்தை நீட்டுவதற்கு முன் அதன் அர்த்தத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் பாட்டி சிரித்தபடி போனைப் பார்க்கும் படம், நாளை ஒரு கடன் செயலியின் விளம்பரத்திலோ மூட்டுவலி மருந்தின் அட்டையிலோ வரலாம். எங்கே வரும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது. மாடலை அவமதிக்கும் விதத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தளங்களின் உரிமத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதை மீறிய பிறகுதான் உங்களுக்கே தெரியவரும். ஆபீஸ் டூரில் எடுத்த சக ஊழியர்களின் படத்தை ஏற்ற நினைப்பவர்கள் இதை யோசிக்கவும்.

கட்டடங்களிலும் சிக்கல் உண்டு. மும்பையின் தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டல் 2017-ல் தன் கட்டடத் தோற்றத்துக்கே டிரேட்மார்க் வாங்கியது. இந்தியாவில் ஒரு கட்டடத்துக்கு இப்படிக் கிடைத்தது அதுதான் முதல்முறை. கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் நின்று நீங்கள் எடுத்த படத்தில் அந்தக் குவிமாடம் பிரதானமாகத் தெரிந்தால், வணிகப் பயன்பாட்டுக்குத் தளம் மறுக்க வாய்ப்பு அதிகம். ஆக்ராவின் தாஜ் மஹாலில் கல்லறை மண்டபத்துக்குள் படமே எடுக்கக் கூடாது. தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும்.

ரிலீஸ் வாங்க முடியாத படங்களுக்கு 'எடிட்டோரியல்' என்று ஒரு வழி இருக்கிறது. செய்தி, கட்டுரை, பாடப்புத்தகத்துக்கு மட்டும் விற்கும். விளம்பரத்துக்குப் போகாது. ஊர், நாடு, தேதி, நடப்பது என்ன என்று தலைப்பில் தெளிவாக இருக்க வேண்டும், படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. கும்பமேளா, தேர்தல் பிரசாரம், வெள்ளத்தில் நிற்கும் பஸ் எல்லாம் இந்த வகைதான்.

எது போகும்?

சூரிய அஸ்தமனம் போகாது. அதாவது போகும், ஆனால் அதே சூரியனை உங்களுக்கு முன்னால் லட்சக்கணக்கானவர்கள் ஏற்றியிருக்கிறார்கள். இந்திய முகங்கள் இருக்கிற அன்றாடப் படங்கள் நீண்ட காலம் சர்வதேசத் தளங்களில் குறைவாகவே இருந்தன. அந்த இடைவெளியை நம்பித்தான் சந்தீப் மகேஸ்வரி 2006-ல் இமேஜஸ்பஜார் தளத்தைத் தொடங்கினார். இன்றும் உங்கள் பலம் அதுதான். அரசு மருத்துவமனை வரிசை, மளிகைக்கடை கல்லா, பேரனோடு வீடியோ காலில் பேசும் தாத்தா, வீட்டு டைனிங் டேபிளில் லேப்டாப் வைத்து வேலை பார்க்கும் மருமகள். வெளிநாட்டு போட்டோகிராபருக்கு இதையெல்லாம் செட் போட்டால்கூட சரியாக வராது.

ஒரு எச்சரிக்கை. டீக்கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்யும் படம் நல்ல ஐடியா. ஆனால் அந்த அட்டையில் பேமென்ட் நிறுவனத்தின் லோகோ இருக்கும், பின்னால் பிஸ்கட் பாக்கெட் பிராண்டுகள் இருக்கும். வணிகப் படம் என்றால் அத்தனையும் போக வேண்டும். எடுக்கும்போதே வெற்று அட்டை ஒன்றை வைத்துவிட்டால் எடிட்டிங்கில் ஒரு மணி நேரம் மிச்சம்.

டிசைனர் எழுத்து வைக்க ஒரு பக்கம் காலியாக விட்டு எடுங்கள். ஒரே காட்சியில் பதினைந்து படம் ஏற்றினால் 'ஒரே மாதிரி' என்று திரும்பி வரும். தரத்தைப் பொறுத்தவரை பெரிய கேமரா அவசியமில்லை. ஷட்டர்ஸ்டாக், அடோபி இரண்டிலும் குறைந்தபட்சம் 4 மெகாபிக்சல்தான். ஃபோகஸும் வெளிச்சமும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவே.

கீவேர்டுதான் உங்கள் விற்பனையாளர். அடோபியில் 49 வரை, ஷட்டர்ஸ்டாக்கில் 7 முதல் 50 வரை கொடுக்கலாம். அடோபியில் முதல் பத்துக்கு முக்கியத்துவம் அதிகம், அதனால் வரிசை முக்கியம். 'இட்லி' என்று மட்டும் போட்டால் இட்லி தெரிந்தவர்தான் வருவார். பெர்லினில் உட்கார்ந்து தேடுபவர் 'சவுத் இந்தியன் பிரேக்ஃபாஸ்ட்', 'ஸ்டீம்டு ரைஸ் கேக்' என்று தேடக்கூடும். லைட்ரூமிலேயே கீவேர்டைப் படத்துக்குள் எழுதிவிட்டால் எல்லாத் தளமும் அதைப் படித்துக்கொள்ளும், திரும்பத் திரும்ப டைப் அடிக்க வேண்டாம்.

வரி: சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள்

கணக்குத் தொடங்கியதும் அமெரிக்க நிறுவனங்கள் 'டபிள்யூ-8பென்' படிவம் கேட்கும். பலர் ஏதோ ஃபார்மாலிட்டி என்று தள்ளிப்போடுகிறார்கள். அமெரிக்காவில் இருப்பவர் உங்கள் படத்தை வாங்கினால், அந்தத் தொகையில் 30% அங்கேயே பிடிக்கப்படும். இந்தியா-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 12-வது பிரிவைக் குறிப்பிட்டு இந்தப் படிவத்தைக் கொடுத்தால் 15% ஆகும். அடையாள எண்ணாக உங்கள் பான் எண்ணைக் கொடுக்கலாம். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது ஆண்டின் கடைசி நாள் வரை செல்லும். 2025-ல் கொடுத்தது 2028 டிசம்பர் 31 வரை.

பணம் பேபாலுக்கோ பேயோனியருக்கோ வந்து, அங்கிருந்து ரூபாயாக வங்கிக்கு வரும். கட்டணமும் மாற்று விகிதமும் கொஞ்சம் கடிக்கும். இந்தியாவில் வசிப்பவருக்கு உலகில் எங்கிருந்து வந்த வருமானமும் இங்கே வரிக்கு உட்பட்டது, 2,000 ரூபாயாக இருந்தாலும். அங்கே பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். அதற்குத் தனிப் படிவம் உண்டு, 1961 வருமான வரிச் சட்டத்தின் கீழ் அது படிவம் 67. சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1-ல் இந்தக் கழிவைக் கேட்க முடியாது. ஜிஎஸ்டி பற்றிப் பயப்படுபவர்களுக்கு: சேவைகளுக்கான பதிவு வரம்பு பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய், அதில் உங்கள் சம்பளம் சேராது.

ஏஐ வந்த பிறகு?

இரண்டு விதமாகப் பாதிக்கிறது. முதலாவது போட்டி. அடோபி ஸ்டாக் 2022 டிசம்பரிலிருந்து, ஏஐ என்று குறிப்பிட்டால், ஏஐ படங்களையும் ஏற்கிறது. கைகுலுக்கும் கைகள், வெள்ளைப் பின்னணியில் ஆப்பிள் போன்ற பொதுப் படங்களுக்கு இனி பெரிய எதிர்காலம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நடந்த இடமும் தேதியும் உண்மையாக இருக்க வேண்டிய எடிட்டோரியல் படத்துக்கு அந்தப் பயம் குறைவு.

இரண்டாவது, உங்கள் படமே ஏஐக்குப் பாடமாகிறது. 2023 மார்ச்சில் வந்த அடோபியின் ஃபயர்ஃப்ளை, அடோபி ஸ்டாக் படங்களை வைத்துப் பழக்கப்பட்டது. அதற்காகப் படம் கொடுத்தவர்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு போனஸ் போனது. ஷட்டர்ஸ்டாக் ஓபன்ஏஐ போன்ற நிறுவனங்களுக்குத் தரவு கொடுத்து, அதில் ஒரு பகுதியைப் பங்களிப்பாளர் நிதி மூலம் பகிர்கிறது. வேண்டாம் என்பவர்கள் அங்கே அக்கவுண்ட் செட்டிங்ஸில் போய் அணைத்துவிடலாம்.

விதிமுறை பின்னால் மாறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பெர்லினைச் சேர்ந்த ஐஎம் தளம் திவாலாகி, 2023-ல் ஃப்ரீபிக் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2024-ல், படங்களை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்று விதிமுறை மாறியது, விருப்பமில்லாதவர்கள் படங்களை நீக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வருடக்கணக்காக அந்தப் பக்கமே போகாதவர்களின் படங்களும் அதில் இருந்தன. எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது, யாருடைய ரிலீஸ் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்த மெயில் ஐடியில் கணக்கு என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டை முதல் படம் ஏற்றும் நாளிலேயே தொடங்கிவிடுங்கள். தளத்திலிருந்து விதிமுறை மாற்றம் என்று வரும் மெயில்கள் ஸ்பாமுக்குப் போகாமல் அந்த ஐடியில் ஒரு ஃபில்டரும் போட்டு வையுங்கள்.