பயனிழந்த மேன்முறையீடு (கனடிய மருந்துக் காப்புரிமம்)

பயனிழந்த மேன்முறையீடு என்பது, பிணக்குக்குக் காரணமான நிலை மறைந்துவிட்டமையால், தீர்ப்பு எதுவாயினும் தரப்பினரின் உரிமைகளில் நடைமுறை மாற்றம் எதனையும் ஏற்படுத்த இயலாத மேன்முறையீடு ஆகும். இத்தகைய மேன்முறையீடுகளை நீதிமன்றம் கேட்க வேண்டுமா என்னும் கேள்வி, கனடாவின் மருந்துக் காப்புரிம வழக்குகளில் 2017 வரை அடிக்கடி எழுந்தது.

பின்னணி

1993 இல் காப்புரிமச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி, பொதுவகை மருந்து நிறுவனமொன்று மூல மருந்தின் காப்புரிமம் செல்லாது அல்லது மீறப்படவில்லை என அறிவித்தால், மூல நிறுவனம் 45 நாட்களுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம். கோரினால், விற்பனைக்கான இணக்கச் சான்றை நலத்துறை அமைச்சர் வழங்குவது தானாகவே நிறுத்திவைக்கப்படும். இக்காலம் தொடக்கத்தில் 30 மாதங்களாகவும், 1998 முதல் 24 மாதங்களாகவும் இருந்தது.

தடையாணை மறுக்கப்பட்டால் அமைச்சர் சான்றை வழங்கிவிடுவார். வழங்கப்பட்ட சான்றைத் 'தடுக்க' இயலாது என்பதால், மூல நிறுவனத்தின் மேன்முறையீடு பயனிழக்கும். தடையாணை கிடைத்தால் நிலைமை வேறு. பொதுவகை நிறுவனம் தடையை நீக்கக் கோரி மேன்முறையீடு செய்யலாம். வயாகரா தொடர்பில் தெவா நிறுவனம் இவ்வாறு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2012 இல் வென்றது.

சட்ட அளவுகோல்

பொரவ்சுக்கி வழக்கில் (1989) கனடிய உச்ச நீதிமன்றம் இரு படிகளை வகுத்தது. முதலில், உண்மையான பிணக்கு எஞ்சியுள்ளதா என நோக்க வேண்டும். இல்லையெனில், எதிரெதிர் வாதம் தொடர்கிறதா, நீதிமன்ற வளங்களைச் செலவிடுவது தகுமா, சட்டமன்றத்தின் பணியில் நீதிமன்றம் தலையிடுகிறதா ஆகியவற்றை எடைபோட்டு, தன் விருப்புரிமையால் வழக்கைக் கேட்கலாம்.

ஒலன்சபின் வழக்கு

மனச்சிதைவு நோய்க்கான ஒலன்சபின் மருந்து தொடர்பில், நோவோபார்ம் நிறுவனத்துக்குச் சான்று வழங்கப்பட்டபின் எலி லில்லி செய்த மேன்முறையீட்டைக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2007 இல் பயனிழந்ததெனத் தள்ளுபடி செய்தது. பின்னர் தனியாக நடந்த காப்புரிம மீறல் வழக்கில் அக்காப்புரிமம் செல்லாது எனத் தீர்ப்பானது.

வாதங்கள்

கேட்க வேண்டும் என்போர், ஒரு தரப்புக்கு மட்டும் மேன்முறையீட்டு வழி அடைபடுவது சமனின்மை என்றும், தவறான முதல்நிலைத் தீர்ப்பு திருத்தப்படாமல் பிற வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் என்றும் கூறினர். வேண்டாம் என்போர், இது சான்று பற்றிய சுருக்க நடைமுறை மட்டுமே என்றும், காப்புரிமத்தின் செல்லுபடியை இறுதியாகத் தீர்மானிக்க மீறல் வழக்குத் தொடரும் உரிமை மூல நிறுவனத்துக்கு உள்ளது என்றும் வாதிட்டனர். ஆயினும் அதற்குள் பொதுவகை மருந்து சந்தைக்கு வந்துவிடும். ஒரே பிணக்கு இருமுறை வழக்காடப்படுவதும் இதனால் நேர்ந்தது.

2017 மாற்றம்

ஐரோப்பிய ஒன்றியத்துடனான வணிக உடன்பாட்டில், இருதரப்புக்கும் சமமான, பயனுள்ள மேன்முறையீட்டு உரிமை வழங்கக் கனடா இணங்கியது. இதற்கேற்ப, 2017 செப்டம்பர் 21 முதல் சுருக்க நடைமுறை நீக்கப்பட்டு, மீறலையும் செல்லுபடியையும் தீர்மானிக்கும் முழுமையான வழக்கு முறை நடைமுறைக்கு வந்தது. இதில் சான்று வழங்கப்பட்ட பின்னரும் காப்புரிமம் பற்றிய பிணக்கு எஞ்சியிருப்பதால், மேன்முறையீடு அக்காரணத்தால் மட்டும் பயனிழப்பதில்லை.