அச்சு மை காய்ந்த கதை

நாளிதழைப் படித்து முடித்ததும் விரல் நுனியைப் பாருங்கள். பல சமயம் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருக்கும். ஆனால் 1455 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பெர்க் அச்சிட்ட பைபிளின் எழுத்துகள் இன்றும் கன்னங்கரேலென்று பளபளக்கின்றன. 500 வருடத்துக்கும் மேற்பட்ட மை அப்படியே நிற்கிறது, இன்று காலை அச்சான மை கையோடு வந்துவிடுகிறது. ஏன் இப்படி?

அச்சு மைக்கு ஒரு வினோதமான நிபந்தனை உண்டு. அச்செழுத்தின் மேல் இருக்கும்வரை காயக் கூடாது. காகிதத்துக்குப் போனதும் காய்ந்தே ஆக வேண்டும்.

குட்டன்பெர்க்குக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனர்கள் மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கி அச்சிட்டார்கள். 868-ல் அச்சான வைர சூத்திரம் இன்றும் இருக்கிறது. அவர்களுடைய மை புகைக்கரி, பசை, தண்ணீர் சேர்ந்த கலவை. மரம் அதைப் பிடித்துக்கொள்ளும், காகிதம் உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீர் ஆவியாகிவிடும். வேலை முடிந்தது. ஆனால் குட்டன்பெர்க்கின் எழுத்துகள் உலோகத்தில் வார்த்தவை. அதன் மேல் தண்ணீர் மை தாமரை இலைத் தண்ணீர் போலத் திரண்டுவிடும்.

எனவே அவர் எண்ணெய் மையைக் கையாண்டார். ஓவியர்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வந்த ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சினால் பாகுபோல இறுகி உலோகத்தில் ஒட்டும். அது காய்வது ஈரத்துணி காய்வது போல அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக் கெட்டியான படலமாகின்றன. 1980-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் புரோட்டான் கற்றையால் சோதித்தபோது, குட்டன்பெர்க் மையில் செம்பும் ஈயமும் நிறைய இருப்பது தெரிந்தது. ஈயச் சேர்மங்கள் எண்ணெய் காய்வதைத் துரிதப்படுத்தும்.

இதிலுள்ள ஒரே தொல்லை நேரம்தான். அச்சான தாள்களைக் கொடியில் தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். புத்தகத்துக்குச் சரி, செய்தித்தாளுக்கு? 1814 நவம்பர் 29 அன்று லண்டனின் 'டைம்ஸ்' நீராவி இயந்திரத்தில் அச்சானது. கையால் மணிக்கு 250 தாள் அச்சிட்ட இடத்தில் அந்த இயந்திரம் 1100 தாள் தள்ளியது. வேகம் ஏற ஏறக் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. பின்னாளில் நாளிதழ்கள் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த எண்ணெயில் செய்த மைக்கு மாறின. இந்த எண்ணெய் கெட்டிப்படுவதில்லை. காகிதம் அதை உறிஞ்சிக்கொள்ள, கரி மேலேயே தங்கிவிடும். உண்மையில் அந்த மை காய்வதே இல்லை!

1970-களில் எண்ணெய் விலை எகிறியபோது அமெரிக்க நாளிதழ்கள் மாற்று தேடின. 1987-ல் அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகர 'கெஸட்' சோயா எண்ணெய் மையில் அச்சானது. கையில் ஒட்டுவதும் குறைந்தது.

ஒரு நாள் மட்டும் வாழ்ந்தால் போதும் என்றுதான் நாளிதழுக்கு அந்த மையைக் கொடுத்தார்கள். ஆனால் வரலாறு படிப்பவர்களுக்குப் பழைய நாளிதழ்தான் பெரிய ஆதாரம். நூலகத்தில் அதைப் புரட்டும்போது மெதுவாகத் தொடுங்கள். உங்கள் விரலோடு வருவது யாரோ ஒருவர் நாளை தேடப்போகும் எழுத்தாக இருக்கலாம்.