கொள்ளைநோயும் குழந்தைகளும் - நம் கம்பம் பள்ளத்தாக்கு சொல்லும் பாடம்



"கொரோனா ஏழை, பணக்காரன் பார்க்காது" என்று 2020இல் எல்லோரும் சொன்னோம். கிருமி பார்க்காதுதான். ஆனால் அது நுழையும் வீடுகள் ஒன்றுபோல இல்லையே! நம் பள்ளத்தாக்கிற்கு இது புதிய கதையும் அல்ல.

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்றால் திராட்சையும் முல்லைப் பெரியாறும்தான் ஞாபகம் வரும். மருத்துவ வரலாற்றில் இந்தப் பகுதிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு... பிளேக்! 1894இல் ஹாங்காங், 1896இல் பம்பாய் என்று பரவிய அந்த நோய், இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானவர்களைக் கொன்றது. அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்த கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த பிளேக் ஆய்வைப் பற்றி ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் 1934இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார்கள்.

எலி செத்தால் அதன் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி மனிதனைக் கடிக்க வரும். அதனால் எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்வதுதான் அன்றைய முக்கியமான தற்காப்பு. தோட்டத்தில் இன்னொரு வீடு உள்ளவர் பிள்ளைகளோடு அங்கே போய்விடலாம். ஒரே மண்வீட்டில் தானியத்தையும் வைத்துக்கொண்டு, அன்றாடக் கூலியில் வாழ்ந்தவர் எங்கே போவார்? யோசித்துப் பாருங்கள்.

1918 விஷக்காய்ச்சலிலும் இதே கதைதான். பம்பாய் நகரில் ஆயிரம் ஐரோப்பியர்களில் 8.3 பேர் இறந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி இந்துக்களில் ஆயிரத்துக்கு 61.6 பேர்! அந்த வருடம் மழையும் பொய்த்து, தானிய விலையும் ஏறியிருந்தது. அந்தக் காய்ச்சல் இளம் வயதினரைத்தான் அதிகம் கொண்டுபோனது. நோயில் பிழைத்த குழந்தைக்கும் பால் கொடுக்கத் தாய் இல்லாத நிலை.

இப்போது 2020க்கு வருவோம். கொரோனா கிருமி பெரும்பாலான குழந்தைகளை அவ்வளவாகத் தாக்கவில்லை. ஆனால் மார்ச் மாதம் ஊரடங்கு வந்ததும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகள் அடைபட்டன. ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் போன அம்மாக்களுக்கு வேலை போயிற்று. பள்ளியும் மூடியதால் சூடான சத்துணவும் நின்றது. அரிசி, பருப்பு, முட்டை என்று வீட்டுக்குக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் வேறு வருமானம் இல்லாத வீட்டில் அது பிள்ளையின் பங்காகவா இருந்திருக்கும்? வீட்டில் எல்லோரும்தான் சாப்பிட்டிருப்பார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறக்க 2021 நவம்பர் 1 ஆகிவிட்டது.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 50.7 சதவீதம். 2019-21இல் 57.4 சதவீதம். கணக்கெடுப்பின் ஒரு பகுதி கொரோனாவுக்கு முன்பே நடந்தது. அதனால் பழியை அதன்மேல் மட்டும் போட முடியாது. அதுதான் இன்னும் கவலை தருகிறது. நோய் வருவதற்கு முன்பே நம் பிள்ளைகள் பலவீனமாகத்தான் இருந்திருக்கிறார்கள்!

அடுத்த கொள்ளைநோய்க்குத் தடுப்பூசி தேடுவார்கள், தேடட்டும். கூடவே கூலி நின்றாலும் பிள்ளையின் தட்டு காலியாகாமல் இருக்க ஒரு வழியை இப்போதே செய்துவைக்க வேண்டும். எலி செத்த பிறகு வீடு தேடினால் தாமதம்தானே?