பிடில் ஊரில் பிறந்த கிற்றார்

மாத்தளையில் நான் படித்த காலத்தில் எனக்கு வயலின் சொல்லித் தந்த சேரிடம் ஒரு பழைய வாத்தியம் இருந்தது. அதன் வயிற்றிலுள்ள துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தால் மஞ்சள் பூத்த காகிதத் துண்டொன்று தெரியும். அதில் ஸ்ட்ராடிவாரியின் பெயர் அச்சாகியிருக்கும். வீட்டுக்கு வருவோர் எல்லோருக்கும் அவர் டோர்ச் அடித்து அதைக் காட்டுவார். "தம்பி, இதன் விலை தெரிந்தால் நீ இதைத் தொடமாட்டாய்" என்பார். நாங்களும் நம்பினோம், நேயர்களே. இத்தாலிய மேதை ஸ்ட்ராடிவாரி 1737இல் மறைந்தார் என்பதும், அவருடைய பெயர் ஒட்டிய மலிவு வயலின்கள் 19ஆம் நூற்றாண்டில் சக்சனி, பொஹீமியா எல்லைக் கிராமங்களிலிருந்து கப்பல் கப்பலாக உலகெங்கும் போயின என்பதும் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தன. எவருடைய மாதிரியைப் பார்த்துச் செய்தோம் என்று காட்டவே அப்படி ஒட்டினோம் என்பது வியாபாரிகளின் சமாதானம்.

அந்த எல்லைக் கிராமங்களுள் ஒன்று ஷோன்பாக். இன்று செக் நாட்டின் மேற்கு ஓரத்தில் லூபி என்ற பெயரோடு இருக்கிறது. அன்று அது ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் ஜேர்மன் மொழி பேசிய ஊர். அந்த ஊரில் வயலின் செய்வது குடிசைக் கைத்தொழில். ஒரு வீட்டில் கழுத்து மட்டும் செதுக்குவார்கள். அடுத்த வீட்டில் முதுகுப் பலகை. இன்னொரு வீட்டில் முறுக்காணி. எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி வார்னிஷ் பூசி விற்பவர் வேறொருவர். 1873 முதல் அங்கே வயலின் செய்யும் கலைக்கென்றே ஒரு பாடசாலையும் இருந்தது.

அந்த ஊரில் கார்ல் ஹோஃப்னர் என்பவர் 1887இல் தமது பட்டறையைத் தொடங்கினார். முதலில் வயலின், பின்னர் செலோ, டபிள் பேஸ். முதலாம் உலகப் போர் முடிந்தபின் மூத்த மகன் யோசெப்பும் இளைய மகன் வால்ற்றரும் தந்தையோடு சேர்ந்தனர். யோசெப்புக்கு வியாபாரத்தில் கை. வால்ற்றரோ முறையாகப் பயின்ற வயலின் செய்யும் கலைஞர். ஒரு குடும்பத் தொழில் நிலைப்பதற்கு இப்படி இரண்டு விதமான பிள்ளைகள் வேண்டும் போலும். எங்கள் பக்கத்துக் கடைகளிலும் இதைக் கண்டிருக்கிறேன். ஒருவர் கல்லாவில் இருப்பார், ஒருவர் உள்ளே உழைப்பார். இருவரும் கல்லாவுக்கு ஆசைப்பட்டால் கடை மூடப்படும்.

போர் முடிந்த 1918இல் ஷோன்பாக் புதிய செக்கோஸ்லாவாக்கியாவின் பகுதியாயிற்று. 1938இல் மியூனிக் உடன்படிக்கையின் பின்னர் ஹிட்லர் அப்பகுதியைத் தம்முடையதாக்கிக் கொண்டார். அவ்வூர்களின் ஜேர்மன் மக்களிற் பெரும்பாலோர் அதனை வரவேற்றனர் என்பதையும் சொல்லாமல் விடுவது சரியல்ல. அடுத்து வந்தது போர். தோல்வியின் பின் 1945, 1946ஆம் ஆண்டுகளில் செக்கோஸ்லாவாக்கியா அந்த ஜேர்மன் மக்களை வெளியேற்றியது. ஏறத்தாழ 30 இலட்சம் பேர். ஆளுக்குக் கொண்டு செல்ல அனுமதி 30 முதல் 50 கிலோ வரை. நாசிகள் செக் மக்களுக்குச் செய்த கொடுமையின் எதிர்வினை அது என்பார்கள். அது உண்மை. ஆனால் கழுத்துப் பலகை செதுக்கிய கிழவனும் வார்னிஷ் பூசிய விதவையும் அந்த 30 இலட்சத்துக்குள் இருந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டில் எதனையும் மற்றதற்காகக் கைவிட என் மனம் ஒப்பவில்லை.

வயலின் செய்பவனுக்கு 50 கிலோ என்ன கணக்கு? உளியையும் இழைப்புளியையும் எடுத்துக் கொள்ளலாம். மரத்தை எடுக்க முடியாது. தகப்பன் அறுத்து அடுக்கி வைத்த மேப்பிள் பலகையை மகன்தான் எடுத்து வேலை செய்வான். அத்தனை ஆண்டுகள் அது உலரவேண்டும். வெளியேறியவர்கள் விட்டு வந்தது வீட்டை மட்டுமல்ல, காய்ந்து கொண்டிருந்த காலத்தையும்தான்.

இங்கேதான் இந்தக் கதை மற்றைய அகதிக் கதைகளிலிருந்து விலகுகிறது. ஷோன்பாக் மக்கள் ஜேர்மனியின் மூலை முடுக்கெல்லாம் சிதறியிருந்தால் அந்தத் தொழில் அத்தோடு முடிந்திருக்கும். கழுத்து செய்பவன் ஓரூரிலும் முறுக்காணி செய்பவன் வேறோரூரிலும் இருந்தால் வயலின் ஏது? அவர்களைச் சேர்த்து வைக்கவேண்டும் என்று சிலர் பாடுபட்டார்கள். ஷோன்பாக்கைச் சேர்ந்த பிரெட் வில்பர் 1946இலேயே எர்லாங்கனில் ஒரு கம்பனியைத் தொடங்கி வாத்தியத் தொழிலாளரைத் திரட்டினார். பிராமுஸ் என்ற பெயரில் அது வளர்ந்தது. எர்லாங்கனுக்கு அருகே பூபன்ரொய்ற் என்றொரு விவசாயக் கிராமம். சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த அந்த ஊர், தன்னைவிடப் பல மடங்கான இந்த அந்நியரை ஏற்பதென்று 1949இல் முடிவு செய்தது. வாத்தியக்காரர் குடியிருப்புக்கு அந்த ஆண்டே அத்திவாரக் கல் நாட்டப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஹோஃப்னர் குடும்பத்தின் புதிய தொழிற்சாலையும் அங்கே எழுந்தது. கிழவர் கார்ல் அதைக் கண்டுவிட்டு 1955இல் கண் மூடினார்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் வாத்திய உலகமே புரண்டு கொண்டிருந்தது. காந்தத்தின் மீது மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றி, அதன் மேலே உருக்குத் தந்தியை அதிரவிட்டால் கம்பிச் சுருளில் மின் பிறக்கிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் அதுதான் மின் கிற்றார். 1930களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் இது விற்பனைக்கு வந்தது. மின்சாரமே ஒலியைத் தரும்போது உள்ளே வெற்றிடம் எதற்கு என்று கேட்ட லியோ ஃபென்டர், 1950இல் கட்டிப் பலகையில் கிற்றார் செய்து விற்றார். அவர் தச்சரும் அல்லர், வாத்தியம் வாசிப்பவரும் அல்லர்; ரேடியோ திருத்துபவர். ஹோஃப்னர் குடும்பத்தாருக்கு அது இயலாத காரியம். மரத்தைக் குடைந்து காற்றை அடைப்பதே வாத்தியம் என்று மூன்று தலைமுறையாகக் கண்ட கை அது. அவர்களும் மின் கிற்றார் செய்யத் தொடங்கினர். ஆனால் வயிறு வைத்த கிற்றார்.

அவர்களுக்கு அதிர்ஷ்டம் வேறொரு நாட்டின் கஷ்டத்திலிருந்து வந்தது. போரினால் டொலர் இன்றித் தவித்த பிரித்தானியா, 1950களில் அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. 1959 வரை அந்நிலை நீடித்தது. 1970களில் நமது நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஃபென்டரைப் படத்தில் மட்டும் பார்த்த ஆங்கில இளைஞர், கையில் வாங்கியது ஹோஃப்னரைத்தான். லண்டனில் செல்மர் நிறுவனம் அவற்றை இறக்கி விற்றது. ஜேர்மன் பட்டியலில் வெறும் எண்களாக இருந்தவற்றுக்கு லண்டன் வியாபாரிகள் பெயர் சூட்டினர்: செனற்றர், பிரெசிடென்ற், கொமிற்றி. கடைசிப் பெயர் வேடிக்கையானது. பிரித்தானியக் கிற்றார் கலைஞர் அறுவர் கொண்ட குழு ஆலோசனை கூறி உருவானதால் அதற்கு அந்தப் பெயர். குழு கூடிச் செய்த காரியம் உருப்பட்டதற்கு உலகத்தில் அரிதாகக் கிடைக்கும் உதாரணம் அது! இவை தவிர உடல் சிறுத்த கிளப் 40, கிளப் 50, சற்றே பின்னர் கிளப் 60. 1960இல் வந்த வெரிதின் என்ற மெல்லிய மாதிரியின் உடல் ஏறத்தாழ மூன்று சென்றிமீற்றர் தடிப்புத்தான்.

வால்ற்றர் ஹோஃப்னர் 1955இல் வரைந்த ஒன்றே இவை எல்லாவற்றையும் பின்தள்ளியது. நின்றபடி வாசிக்கும் டபிள் பேஸின் வேலையைச் செய்ய ஒரு மின் பேஸ் கிற்றார் வேண்டும். அமெரிக்கர் கட்டைபோன்ற ஒன்றைச் செய்துவிட்டார்கள். வால்ற்றரோ தமக்குத் தெரிந்த பழைய வடிவத்தைத் தொட்டார். வயலினைப் பெரிதாக்கி, ஸ்ப்ரூஸ் முகமும் மேப்பிள் முதுகும் வைத்து, உள்ளே வெற்றாக விட்டு, நான்கு தந்தி பூட்டினார். மாதிரி எண் 500/1. 1956இல் பிராங்பேர்ட் வாத்தியச் சந்தையில் அது காட்சிக்கு வந்தது. ஃபென்டர் பேஸின் பாதி அளவே பாரம். சத்தத்தில் கூர்மை குறைவு. ஆனால் உருண்டையான, மரத்தின் வாசம் வீசும் ஒரு கனம். கிப்சன் நிறுவனம் 1953இலேயே வயலின் வடிவில் ஒரு பேஸ் வெளியிட்டதுதான். ஆனால் அது கட்டிப் பலகை. உருவத்தில் மட்டுமே வயலின்.

லிவர்பூல் பையன்கள் நால்வரின் கதை நேயர்கள் அறிந்ததே. ஜோன் லெனனிடமும் ஜோர்ஜ் ஹரிசனிடமும் கிளப் 40 இருந்தது. போல் மக்கார்ட்னி, தந்தை வாங்கித் தந்த ட்ரம்பெற்றைக் கொடுத்து மாற்றிக் கொண்ட முதற் கிற்றார் பிராமுஸ் செய்தது. அதுவும் அந்த ஷோன்பாக் அகதிகளின் கைவேலையே. அவர்களது முதல் பேஸ் வாத்தியக்காரர் ஸ்ருவேர்ட் சட்கிளிவ் என்ற ஓவியர் வைத்திருந்ததும் ஹோஃப்னர்தான். தாம் வரைந்த ஓவியத்தை விற்ற பணம் அந்த நேரத்தில் அவருக்குக் கைகொடுத்தது. அவர் குழுவை விட்டதும் பேஸ் மக்கார்ட்னியிடம் வந்தது. 1961இல் ஹம்பேர்க்கில் ஏறத்தாழ 30 பவுண் கொடுத்து அவர் அந்த வயலின் பேஸை வாங்கினார். இடக்கை வாசிப்பவர் அவர். இருபுறமும் ஒத்திருக்கும் வயலின் வடிவம் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பதே தம்மைக் கவர்ந்தது என்று பின்னாளில் கூறினார். ஸ்ட்ராடிவாரி காலத்துச் சமச்சீர் எங்கே வந்து உதவுகிறது பாருங்கள்.

அதன்பின் அந்தப் பேஸ் உலகின் கண்ணில் பீற்றில்ஸின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நமது நாட்டிலும் 1960களில் கிளரன்ஸ் விஜேவர்தன மின் கிற்றாரைச் சிங்களப் பாடலுக்குள் கொண்டு வந்தார். பின்னர் தமிழ்ப் பொப் பாடலில் சிலோன் மனோகரும் நித்தி கனகரத்தினமும் கலக்கினர். இவற்றுக்கெல்லாம் அந்த லிவர்பூல் அலை ஒரு தூரத்துக் காரணம்.

கம்பனியின் பிற்காலத்தை நீட்டத் தேவையில்லை. 1960களின் பின் ஜப்பானிய மலிவு வாத்தியங்கள் வந்தன. பேஸைத் தவிர மற்றவை மங்கின. 1994இல் ஹோஃப்னர் ஆங்கில நிறுவனமான பூசி அன்ட் ஹோக்ஸின் கைக்குப் போயிற்று. 1997இல் அருகிலுள்ள ஹாகனாவுக்கு இடம் மாறியது. 1972இல் லண்டனில் ஒரு வானிலிருந்து மக்கார்ட்னியின் அந்த முதற் பேஸ் களவு போனது. பல ஆண்டுகள் தேடி, பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்து, அது அவரிடம் திரும்பிய செய்தி 2024 பெப்ரவரியில் வெளியாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் மேடையில் அதை மாட்டிக்கொண்டு அவர் வாசித்தார்.

இத்தனையையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் இசை ஆர்வம் மாத்திரமல்ல. எங்கள் பழைய பல்லேகம நகரம் களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக எழுந்து கொடுத்தது. 2018இல் லக்கலையில் புதிய நகரம் திறக்கப்பட்டது. எங்களை யாரும் துரத்தவில்லை. பாராந்தூக்க 50 கிலோ கணக்கும் இல்லை. லொறியில் எல்லாவற்றையும் ஏற்றினோம். கதவு நிலைகளைக்கூடக் கழற்றி வந்தவர்கள் உண்டு. ஆயினும் பூபன்ரொய்ற்றைப் பற்றிப் படிக்கையில் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. அடுத்த வீட்டுக்காரன் புதிய இடத்திலும் அடுத்த வீட்டிலேயே இருக்கிறானா? எங்கள் தெருவில் சிலருக்கு ஆம், பலருக்கு இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். மழைக்கு முதல்நாள் வயற்காற்றை மோந்து பார்த்துச் சொல்லும் வித்தை அவரிடம் இருந்தது. புதிய இடத்தில் அவர் சொன்னது ஒருமுறையும் பலிக்கவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

சேர் மறையுமுன் அந்த வயலினை என்னிடம் தந்துவிட்டுப் போனார். வீடு மாறியபோது அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்தே கொண்டு வந்தேன். காகிதத் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. ஷோன்பாக்கில் செய்ததா, மலைக்கு அப்பால் சக்சனியில் செய்ததா என்பதை அதன் வயிற்றுக்குள் பார்த்தும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் நானும் டோர்ச் அடித்துக் காட்டுகிறேன். ஸ்ட்ராடிவாரியின் பெயரை வாசித்துவிட்டு, இதைச் செய்த ஆள் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.