வசந்தம் பிறந்த கதை

சிங்கப்பூரில் விக்டோரியா அரங்கமும், அப்போது விக்டோரியா நினைவு மண்டபம் எனப்பட்ட கட்டடமும் ஒரே மணிக்கூண்டுக்கு இருபுறமும் நிற்கின்றன. ஒரு பக்கம் நாடகம். மறுபக்கம் கச்சேரியும் கூட்டங்களும். 1963 பிப்ரவரி 15ஆம் தேதி மாலை 6 மணிக்கு நினைவு மண்டபத்தில் கூடியவர்கள் புதிதாக ஒன்றைப் பார்க்க வந்திருந்தார்கள்: தொலைக்காட்சி. திரையில் முதலில் தெரிந்தவர் கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். அமைச்சராவதற்கு முன் பத்திரிகையாளர். வானொலிக்குத் தொடர் நாடகமே எழுதியவர். அன்றைய ஒளிபரப்பு மொத்தம் 1 மணி 40 நிமிடம். வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் சமூக நிலையங்களில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்த மாலையிலிருந்து தமிழுக்கான 'வசந்தம்' தனி ஒளிவழியாக வர 45 ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையை உள்ளூர்த் தமிழ் நடிகைகளின் பக்கம் நின்று பார்த்தால் நன்றாக விளங்கும். அவர்களிடம் திறமைக்கு என்றைக்கும் குறைவில்லை. நேரம்தான் வேறு யாரோ அளந்து கொடுத்ததாக இருந்தது.

தொலைக்காட்சிக்கும் முந்திய காலத்தில் நடிக்கப் பெண்களுக்கே பஞ்சம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சிங்கப்பூர் இந்தியர்களில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் இருந்தார்கள். துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் நகராட்சிக்கும் உழைக்க வந்த ஆண்கள் குடும்பத்தை ஊரிலேயே விட்டு வந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பெண்களும் பிள்ளைகளும் வந்து குடும்பங்கள் நிலைத்தன. தமிழ்நாட்டு பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் பையன்கள் பெண் வேடமிட்டுச் சேலை கட்டி நின்றது மரபு. பெண்கள் குறைந்த அந்தக் காலச் சிங்கப்பூரிலோ மரபுக்கு மேல் நிர்ப்பந்தமும் சேர்ந்துகொண்டது. குடும்பங்கள் நிலைத்துவந்த இந்தப் பின்னணியில்தான் 1952இல் பத்திரிகையாசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாள் விழாவைத் தொடங்கினார். பேச்சு, பாட்டு, நாடகம் என்று உள்ளூர் இளைஞர்களுக்கு மேடை கிடைத்தது. 1955இல் ரவீந்திரன் நாடகக் குழு பிறந்தது. இன்றும் நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறது. அதன் எஸ். வரதனுக்கு 1984இல் நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் கிடைத்தது.

மேடைக்கு வரத் தயங்கிய வீடுகளுக்கு வானொலி ஒரு வழி காட்டியது. குரல் மட்டும் வெளியே போகும். முகம் வீட்டோடு இருக்கும். பி. கிருஷ்ணன் எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' வாரந்தோறும் வந்த நகைச்சுவை நாடகம். கம்பத்துக் கிராமத்தை விட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன மக்கள் தங்கள் அண்டை அயலையே அதில் கேட்டார்கள். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பேச்சும் ஏச்சும் கலைக்குத் தகுதியானவை என்று காட்டியதில் வானொலி நாடகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

தொலைக்காட்சியில் நிலைமை வேறு. 1963 நவம்பர் 23இல் இரண்டாவதாக 8ஆம் ஒளிவழி வந்தது. அது சீனத்துக்கும் தமிழுக்குமானது. தமிழின் பங்கு கொஞ்ச நேரம்தான். அதிலும் செய்திக்கும் சென்னையிலிருந்து வந்த படத்துக்கும் போக மிஞ்சியதில்தான் உள்ளூர் நாடகம். எப்போதாவது வரும் ஒரு நாடகத்தை நம்பி எவரும் வேலையை விட முடியாது. பகலில் பள்ளி, அலுவலகம், மருத்துவமனை; சாயங்காலம் ஒத்திகை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் மாமியாரோ அம்மாவோ இருந்தால்தான் அதுவும் நடக்கும். கல்யாணத்தோடு மேடையிலிருந்து இறங்கிவிட்ட பெண்களின் பட்டியலை யாரும் எழுதி வைக்கவில்லை.

1990களில் தமிழ் நிகழ்ச்சிகள் 12ஆம் ஒளிவழிக்கு இடம் மாறின. 2000 ஜனவரி 30இல் 'சென்ட்ரல்' என்ற புது ஒளிவழி தொடங்கியது. குழந்தைகளுக்கான 'கிட்ஸ் சென்ட்ரல்', கலைகளுக்கான 'ஆர்ட்ஸ் சென்ட்ரல்', நடுவில் 'வசந்தம் சென்ட்ரல்' என்று ஒரே வீட்டில் மூன்று குடித்தனம். வாடகைக் குடித்தனத்தின் சங்கடங்கள் இருந்தாலும், ஒரு பெயரும் தினப்படி ஒரு நேரமும் கிடைத்தன. 2008 அக்டோபர் 19, தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு, வசந்தம் தனிக்குடித்தனம் வந்தது. குழந்தை நிகழ்ச்சிகளும் கலை நிகழ்ச்சிகளும் 'ஆக்டோ' என்ற பெயரில் சேர்ந்துகொண்டன.

நேரம் கூடியதும் நாடகத்தின் குணமே மாறியது. ஓரிரவில் முடிந்துபோன கதை பல வாரத் தொடராக நீண்டது. போலிஸ் துப்பறியும் கதையான 'வேட்டை' பாகம் பாகமாக வளர்ந்தது. ஒரு நாடகத்தில் அழுது முடித்தால் போதும் என்றிருந்த நடிகைக்கு, ஒரே பாத்திரத்தை மாதக்கணக்கில் சுமந்து வளர்க்க வாய்ப்பு வந்தது. வசந்தத்தின் விருது விழாவான 'பிரதான விழா' மேடையில் விருதும் ரசிகர் வாக்கும் வந்தன. தேக்கா சந்தையில் கறிவேப்பிலைக் கட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நிற்கும் பெரியம்மா, "ஏம்மா, அந்தப் பிள்ளையை நேத்து அப்படியா திட்டறது?" என்று கேட்டால், அந்த நடிகைக்கு அதுவும் ஒரு விருதுதான். சென்னைத் தொடர்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தும், தன் ஊர் முகத்தைத் தேடி ஒருவர் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

உள்ளூர் மொழிக்குத் திரை நேரம் தேடும் இதே போராட்டத்தை அயர்லாந்திலும் பார்க்கலாம். அங்கே நாடகத்துக்கு டப்ளின் அபே தியேட்டர் 1904இலிருந்து இருக்கிறது. தொலைக்காட்சி வந்தது 1961 டிசம்பர் 31. சிங்கப்பூருக்கு ஓராண்டு முந்தி. அந்த ஊர் நடிகைகளும் ஒரு பருவம் மேடை, ஒரு பருவம் தொடர் என்று மாறி மாறித்தான் பிழைக்கிறார்கள். ஆனால் ஐரிஷ் மொழிக்கென்று தனி ஒளிவழி கிடைத்தது 1996இல்தான். அதில் வரும் 'ராஸ் ந ரூன்' தொடருக்கு ஆங்கில வசன வரி ஓடுகிறது. வசந்தம் நாடகங்களுக்கும் அப்படியே. நாட்டின் அதிகாரத்துவ மொழி என்ற தகுதி இருந்தும் அன்றாடப் பேச்சில் சுருங்கிவரும் மொழிக்கு, திரை நேரம் தானாக வந்து சேர்வதில்லை.

ஒளிவழி வந்ததால் மேடைக்கு வேலை போய்விடவும் இல்லை. தொலைக்காட்சி தொடத் தயங்குவதை மேடைதான் தொட்டது. நாடகாசிரியர் இளங்கோவன் 1991இல் தொடங்கிய அக்னிக் கூத்து நாடகக் குழு, 1998இல் 'தலாக்' நாடகத்தைத் தமிழில் அரங்கேற்றியது. மணவாழ்வில் துன்பப்படும் ஒரு முஸ்லிம் பெண்ணின் குரலாக நர்கிஸ் பானு தனியாளாக நின்று நடித்தார். சமூகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. 2000இல் ஆங்கிலத்திலும் மலாயிலும் அதைப் போட அனுமதி மறுக்கப்பட்டது. ஒரு நடிகை, ஒரு மேடை, அதற்கு எத்தனை பலம் என்பதற்கு இந்த ஊரில் இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்று நேரத்துக்குப் பஞ்சமில்லை. மீவாட்ச் செயலியில் நாடகங்களை எந்த நேரத்திலும் பார்க்கலாம். குறைவது வேறொன்று. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாகச் சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடுதான். நடிப்புத் தேர்வுக்கு வரும் பெண்ணால் வசனத்தை மனப்பாடம் செய்துவிட முடியும். கோபத்தில் வாய் தவறிக்கூட ஆங்கிலத்துக்குத் தாவாத தமிழை எந்த இயக்குநராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒளிவழியை அரசாங்கம் கொடுக்கலாம், நிதியும் ஒதுக்கலாம். நாளைய நடிகை தமிழில் சண்டை போடக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அவள் வீடு.