நின்று போகும் நாடியும் நினைவூட்டும் கருவியும்

பள்ளி மைதானத்தில் வெயிலில் நெடுநேரம் நிற்கும் மாணவன் திடீரென வெளிறி மயங்கி விழுகிறான். படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தியதும் சில நிமிடங்களில் எழுந்து உட்காருகிறான். வேறொரு வீட்டில் முதியவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தபடியே நினைவிழந்து சாய்கிறார். இரண்டும் மயக்கமே. ஆனால் இரண்டின் காரணமும் ஒன்றா? இக்கேள்விக்கு விடை காண மருத்துவ உலகிற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. இதயமுடுக்கியின் வரலாறு இந்தத் தேடலோடு பின்னிப் பிணைந்தது.

நாடி சொன்ன செய்தி

மூளைக்குச் செல்லும் இரத்தம் நின்றுவிட்டால் சுமார் 10 விநாடிக்குள் நினைவு தவறிவிடும். ஆகவே மயக்கம் என்பது பெரும்பாலும் இரத்த ஓட்டத்தின் கதையே. 1827-இல் டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ், அடிக்கடி மயங்கி விழுந்த ஒரு நோயாளியின் நாடி மிக மெதுவாக ஓடியதைக் குறித்து வைத்தார். கோளாறு மூளையில் அன்று, இதயத்தில்தான் என்று அவர் கருதினார். அதே நகரின் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846-இல் இத்தகைய நோயாளிகள் பலரைப் பற்றி விரிவாக எழுதினார். இன்றும் இந்நோய் ஸ்டோக்ஸ்-ஆடம்ஸ் மயக்கம் என அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது.

நாடி ஏன் தளர்கிறது என்பதற்கான விளக்கம் பின்னர் வந்தது. 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் இதயத்தின் மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் தசைநார்க் கற்றையைக் கண்டார். 1906-இல் ஜெர்மனியில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜப்பானியர் சுனாவோ தவாரா, அக்கற்றை தொடங்கும் முடிச்சை விளக்கினார். மறு ஆண்டே ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்ற இருவர், துடிப்பு பிறக்கும் இடமான மேல்முடிச்சைக் கண்டறிந்தனர். மேல்முடிச்சில் பிறக்கும் மின்குறிப்பு இவ்வழியே இறங்கிக் கீழறைகளைச் சுருங்கச் செய்கிறது. இப்பாதை அடைபட்டால் கீழறைகள் தாமாகவே நிமிடத்திற்கு 30 அல்லது 40 முறை மட்டும் துடிக்கும். சில வேளை அதுவும் நின்றுபோகும். இதுவே இதய அடைப்பு.

மருந்தும் மின்சாரமும்

தொடக்கத்தில் மருத்துவர்கள் மருந்துகளையே நம்பினர். எபிட்ரின், அட்ரோபின், நாக்கின் கீழ் வைக்கும் ஐசோபிரினலின் மாத்திரை ஆகியவை நாடியைச் சற்று விரைவுபடுத்தின. ஆனால் மருந்தின் வீரியம் குறைந்ததும் மயக்கம் திரும்பி வந்தது.

1932-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஹைமன், கையால் சுற்றி இயக்கும் மின்கருவி ஒன்றை உருவாக்கினார். 1952-இல் பாஸ்டனில் பால் சோல், மார்பின் மேல் மின்வாய்களை வைத்து நின்றுபோன துடிப்பை மீட்டுக் காட்டினார். உயிர் பிழைத்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் மார்புத் தசைகள் வலியுடன் வெட்டி இழுத்தன.

அடுத்து, அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் வால்டன் லில்லிஹை குழந்தைகளின் இதய அறுவையின்போது கம்பியை நேராக இதயத் தசையிலேயே பொருத்தினார். வலி குறைந்தது. எனினும் கருவி சுவரிலிருந்த மின்சார இணைப்பை நம்பியே இயங்கியது. 1957 அக்டோபர் 31 அன்று நகரில் மின்சாரம் தடைப்பட்டபோது இந்த ஏற்பாடு எத்தனை ஆபத்தானது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. லில்லிஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்த்து வந்த ஏர்ல் பாக்கன் என்ற பொறியியலாளரை நாடினார். மெட்ரோனோம் என்னும் தாளங்காட்டியின் டிரான்சிஸ்டர் மின்சுற்று ஒன்றை ஓர் இதழில் கண்டிருந்த பாக்கன், அதையே அடிப்படையாகக் கொண்டு, மின்கலத்தால் இயங்கும் சிறு பெட்டியைச் சில வாரங்களில் செய்து கொடுத்தார். இசைக்குத் தாளம் போட்ட சுற்று இதயத்திற்குத் தாளம் போடத் தொடங்கியது!

உடலுக்குள் ஒரு கருவி

சுவீடனில் ஆர்னே லார்சன் என்ற 43 வயதுப் பொறியியலாளர் நாள்தோறும் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எல்ஸ்-மரி, அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்கையும் பொறியியலாளர் ரூனே எல்ம்குவிஸ்டையும் தேடிச் சென்று, உடலுக்குள் வைக்கும் கருவியைச் செய்து தரும்படி மன்றாடினார். மனிதருக்குப் பொருத்தும் கருவி இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அவர்கள் கூறியும் அவர் விடவில்லை. எல்ம்குவிஸ்ட் இரண்டு டிரான்சிஸ்டர்களையும் சிறு மின்கலத்தையும் எபாக்சி பிசினில் பதித்தார். அச்சாகப் பயன்பட்டது ஷூ பாலிஷ் டப்பா!

1958 அக்டோபர் 8 அன்று கரோலின்ஸ்கா மருத்துவமனையில் கருவி பொருத்தப்பட்டது. சில மணி நேரத்திலேயே அது நின்றுவிட்டது. கைவசமிருந்த இரண்டாவது கருவியைச் சென்னிங் பொருத்தினார். பின்னர் ஒன்று மாற்றி ஒன்றாக லார்சன் தம் வாழ்நாளில் 26 கருவிகளைப் பெற்றார். 2001-இல், தம் 86-ஆம் வயதில், புற்றுநோயால் மறைந்தார். கருவியைச் செய்தவரும் பொருத்தியவரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டனர்.

ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவின் பபலோ நகரில் வில்சன் கிரேட்பாட்ச், இதய ஒலியைப் பதியும் சுற்று ஒன்றை அமைக்கும்போது தவறான மின்தடையைப் பொருத்திவிட்டார். சுற்று ஒருமுறை துடித்து, ஒரு விநாடி ஓய்ந்து, மீண்டும் துடித்தது. இது இதயத்தின் தாளம் என்பதை அவர் உடனே உணர்ந்தார். 1960-இல் அவரது கருவி நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. பாதரச மின்கலம் சுமார் இரண்டு ஆண்டுகளே உழைத்ததால், அவர் லித்தியம்-அயோடின் மின்கலத்தில் கருத்தைச் செலுத்தினார். 1972 முதல் இது வழக்கத்திற்கு வந்து கருவியின் ஆயுளைப் பன்மடங்கு நீட்டியது.

இரத்தக் குழாய்கள் விரியும்போது

இனி, மைதானத்தில் விழுந்த மாணவனிடம் திரும்புவோம். அவனுக்கு மேல்முடிச்சும் கற்றையும் நன்றாகவே இருக்கின்றன. நெடுநேரம் நிற்பதாலோ, அச்சத்தாலோ, வலியாலோ நரம்பு மண்டலம் தடுமாறி, நாடி தளர்கிறது. அத்துடன் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தமும் வீழ்கிறது. 1932-இல் இலண்டனின் தாமஸ் லூயிஸ் இத்தகைய மயக்கத்தின்போது அட்ரோபின் கொடுத்துப் பார்த்தார். நாடி விரைந்தது, அழுத்தமோ தாழ்ந்தே இருந்தது. குழாய்கள் விரிவதே முக்கியக் காரணம் என்பதற்கு இது சான்றாயிற்று.

இப்பாடம் நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. நாடியும் தளர்வதால், இதயமுடுக்கி இங்கும் பயன்படும் எனப் பலர் எண்ணினர். 1999-இல் வெளிவந்த ஆய்வொன்று அதை உறுதி செய்வது போலவே தோன்றியது: கருவி பெற்ற 27 பேரில் 6 பேருக்கும், பெறாத 27 பேரில் 19 பேருக்கும் மயக்கம் திரும்பியது. ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. அறுவை நடந்தது என்ற நம்பிக்கையே சிலரைக் குணப்படுத்தியிருக்கலாம் அல்லவா?

2003-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 100 பேருக்கும் கருவி பொருத்தப்பட்டது. 52 பேருக்கு மட்டும் அது துடிப்பைத் தூண்டாதபடி வைக்கப்பட்டது. யாருடையது இயங்குகிறது என்பது நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதங்களில் தூண்டும் கருவி பெற்ற 48 பேரில் 16 பேரும், தூண்டாத கருவி பெற்ற 52 பேரில் 22 பேரும் மயங்கினர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நிகழக்கூடிய அளவே. முன்பு கண்ட பெரும் பயன் கரைந்துவிட்டது. நாடியை விரைவுபடுத்தலாம்; விரிந்த குழாயைக் கருவி சுருக்க முடியாது அன்றோ!

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. 2012-இல் வெளியான ஆய்வில், மயக்கத்தின்போது இதயம் சில விநாடிகள் முற்றிலும் நிற்பது பதிவாகியிருந்த, 40 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுக்குக் கருவி பயன்பட்டது. யாருக்கு என்பதே இங்கு உயிரான கேள்வி.

இன்று அழுத்தம் வீழ்ந்து மயங்குவோருக்கு முதல் மருத்துவம் எளியதே: போதிய நீர், மருத்துவர் அனுமதித்தால் சற்றுக் கூடுதல் உப்பு, தலை சுற்றும்போதே படுத்துவிடுதல். இவை போதாதபோது, உடலில் உப்பையும் நீரையும் தேக்கும் புளூட்ரோகார்ட்டிசோன், குழாய்களைச் சுருக்கும் மிடோட்ரின் ஆகிய மருந்துகள் உண்டு. கருவியும் மருந்தும் சிலருக்குச் சேர்ந்தே தேவைப்படும். நாடியைக் கருவி காக்க, அழுத்தத்தை மருந்து காக்கும்.

வாசகர்களே, உங்கள் எதிரில் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைப் படுக்கவைத்துவிட்டு மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். அவர் மூச்சுவிடவில்லை என்றால் உடனே உதவிக்குக் குரல் கொடுங்கள். மூச்சும் நாடியும் இருந்தால், நீங்கள் எண்ணிய தொகையை மருத்துவரிடம் கூறுங்கள். 1827-இல் ஆடம்ஸ் செய்ததும் அதுவே.